மாடியில் ஒரு பெட்டி, கீழே ஒரு அடுப்பு

எங்களுக்குப் பல் தொழில். பிடுங்குவது டாக்டர்கள், செய்து கொடுப்பது நாங்கள். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க லேப். உள்ளே நுழைந்ததும் வெள்ளை மாவு படிந்த நீள மேஜை. அதன் மேல் யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டரில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் தயங்குவார்கள். கல்யாணமான புதிதில் நானும் தயங்கினேன். இப்போது அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

லேபின் ராணி என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம், ஆனால் காலையில் வந்தால் விளக்கு போட்ட பிறகுதான் கிளம்புவார். அவர் தூரிகை தொட்டு நிறம் கொடுத்த பல்லை, செய்த பல் என்று அந்த ஆளின் பெண்டாட்டிகூடக் கண்டுபிடிக்க முடியாது. கை அப்படி. வாயும் அப்படித்தான். அந்த விஷயத்தில் நானும் சளைத்தவள் இல்லை என்பதால் லேபில் வேலை நடக்கும் சத்தத்தைவிட எங்கள் சத்தம்தான் தெருவுக்குக் கேட்கும்.

அண்ணிக்கு அடுத்தபடியாக அங்கே மரியாதை அடுப்புக்கு. சமையல் அடுப்பு இல்லை, பல்லைச் சுட்டெடுக்கும் சின்ன மின்சார உலை. பார்த்தால் ஒரு குக்கர் உயரம்தான் இருக்கும், திமிர் மட்டும் மலையளவு. சுடும் நேரத்தில் கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டினால் போதும், பல்லில் விரிசல். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து இஸ்திரிப் பெட்டியைப் போட, ஃபியூஸ் போய், ஒரு தட்டுப் பல்லும் வெடித்துவிட்டதாம். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். அண்ணி "அடுப்பு!" என்று ஒரு குரல் கொடுப்பார். உடனே ஃபேன், ஃப்ரிட்ஜ், பாலிஷ் மோட்டார் எல்லாம் அணைய வேண்டும். "ஆச்சு!" என்று மறுகுரல் வந்த பிறகுதான் வீட்டுக்கு உயிர் வரும். நான் மருமகளாக வந்த மறுநாள் படித்த முதல் பாடம் அது. கொஞ்ச நாளில் அந்தக் குரல் காதில் விழுவதுகூட நின்றுபோனது. கை தானாகப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்துவிடும்.

எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் மட்டும். மாவைக் கையில் கொடுத்தால் உருண்டை பிடிக்கக்கூட வராது. அதனால் லேபில் எனக்குக் கிடைத்த வேலை, பல்லை டப்பாவில் போட்டுப் பெயர் ஒட்டுவது. வருஷக்கணக்கில் ஒட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை அதுதான்.

அதற்குள் டாக்டர்கள் மாறிவிட்டார்கள். அச்சு எடுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, வாய்க்குள் கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்து, "கிளவுட்ல போட்டிருக்கேன், எடுத்துக்குங்க" என்று போனை வைத்துவிடுவார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் அப்போது இருந்த நெட்டில் ஒரு தாடை இறங்கி முடிவதற்குள் அந்த ஆளுக்கு மிச்சப் பல்லும் கொட்டிவிடும். வரைந்ததைத் திருப்பி ஏற்றி அனுப்புவது அதைவிடக் கொடுமை. என் வீட்டுக்காரர் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பல் வரைந்தார். ஸ்கூட்டரில் ஊர் சுற்றி பென் டிரைவில் ஸ்கேன் வாங்கி வந்தார். வீட்டில் கிளவுட் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

பிறகு தெருவுக்கு ஃபைபர் கேபிள் வந்தது. கம்பத்திலிருந்து மாடி ஜன்னல் வழியாக இழுத்து, மாமாவின் டிவிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து, அங்கிருந்து லேபுக்கு ஒரு வயரை இறக்கிவிட்டுப் போனார்கள். மாமா என்றால் என் மாமனார். முட்டி வலி, மாடியை விட்டு இறங்க மாட்டார். அவர் மேலே மல்யுத்தம் பார்க்க, கீழே எனக்குக் கண்மூடித் திறப்பதற்குள் தாடை இறங்கியது.

அன்றைக்கே ஆரம்பித்தேன். பல் வரைகிற புரோகிராமே எங்கேயோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடும், நம் மேஜையில் ஒரு திரை இருந்தால் போதும், நாம் வரைய வரைய டாக்டர் தன் அறையிலிருந்தே பார்க்கலாம் என்று எல்லோரிடமும் மூச்சு வாங்கச் சொன்னேன்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நம்ம பல்லு யார் வீட்லயோ இருக்கும். நாம இங்கேருந்து கைய நீட்டிச் செய்யணும். நடுவுல கயிறு அறுந்தா?"

"அறுந்து போகாது அண்ணி."

நல்ல நேரத்தில் சொன்னேன் பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டர் பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனது. அதன் இடத்தில் என் நாற்காலி வந்தது. கரண்ட் போனாலும் வேலை நிற்காதபடி என் கம்ப்யூட்டருக்குத் தனியாக பேட்டரி வைத்துக்கொண்டேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு இது வரும் என்று. மாவில் வராத பல் திரையில் வந்தது. பல்லின் ஓரம், மேடு, பள்ளம், எல்லாம் விரல் நுனிக்கு வந்தது. அண்ணிகூட ஒரு தடவை எட்டிப் பார்த்து, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து வரும் "ம்" பத்துப் பேர் கைதட்டலுக்குச் சமம். அன்று நான் மிதந்துகொண்டே வீட்டுவேலை செய்தேன்.

அப்புறம் கயிறு அறுபட ஆரம்பித்தது. அதுவும் வேலை மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து. பாதிப் பல் வரைந்திருப்பேன், திரை உறைந்துவிடும். "இணைப்பு இல்லை." நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் அரை மணி நேரம் பாட்டு. பாட்டு முடிந்து யாராவது பேசும்போது நெட் வந்திருக்கும். "பாருங்க மேடம், சரி பண்ணிட்டோம்" என்பார்கள். என்னத்தைச் சரி பண்ணினார்கள்? வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். லைன்மேன் வந்தார், பார்த்தார், எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வந்தார், மறுபடி பச்சை. வெளியாள் வந்தால் கவனம் சிதறும் என்று அண்ணி அடுப்பே வைக்க மாட்டார், அதனால் லைன்மேன் வந்தபோதெல்லாம் லேப் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நெட் சமர்த்தாக ஓடியது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அண்ணி, என் காது கேட்க.

பல் தாமதமானது. டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு நாள் அண்ணிக்கும் எனக்கும் பெரிய ரகளை. கடைசியில் அவர் மாடிப்படியடியைக் கை காட்டிச் சொன்னார். "இன்னும் ஒரு பல்லு, ஒரே ஒரு பல்லு இந்த நெட்டால தள்ளிப்போகட்டும். அன்னிக்கே அந்தப் போர்வைய உருவிட்டுப் பழசத் தூக்கி மேஜைல வச்சிருவேன். அப்புறம் கிளவுடு கிளவுடுன்னு யாரும் பேசக் கூடாது."

"வைங்களேன்!" என்றேன். கோபத்தில் சொல்லிவிட்டேன், பிறகுதான் உறைத்தது. பழசு வந்தால் என் வீட்டுக்காரர் அந்த நாற்காலிக்குப் போவார். நான் டப்பாவுக்கும் பெயர்ச்சீட்டுக்கும் போக வேண்டும். அந்த நாற்காலியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அன்று சமையலறையில் நின்று கொஞ்சம் அழவும் செய்தேன்.

அந்த வாரமே வந்தது சோதனை.

காலையில் டாக்டரம்மா போன். ஊரின் அடுத்த கோடியில் கிளினிக் வைத்திருப்பவர். "ஒரு அவசரம்மா. டிரம்பெட் வாசிக்கிறவர். நேத்து ஒத்திகைல மேடைப் படி தடுக்கி விழுந்து முன்பல்லு ஒடிஞ்சு போச்சு. இன்னிக்கு சாயங்காலம் டவுன் ஹால்ல கச்சேரி, நெட்ல நேரடியா வேற காட்டறாங்க. பல்லு இல்லாம ஊதினா காத்துதான் வருது. ஸ்கேன் போட்டுட்டேன், மத்தியானத்துக்குள்ள முடியுமா?"

"முடியும்" என்றேன். அண்ணி என்னைப் பார்த்தார். நான் மாடிப்படியடியைப் பார்க்கவில்லை.

ஸ்கேன் இறங்கியது. வரைந்தேன். நன்றாகவே வந்தது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். டாக்டரம்மா அங்கிருந்து பார்த்தார். "அழகா இருக்கு, அனுப்பிடு..." என்று ஆரம்பிக்கும்போதே பின்னாலிருந்து பல் இல்லாத ஒரு குரல் பதறியது.

"ஐயையோ, இடுக்கை அடைச்சுட்டாங்களே!"

விஷயம் இதுதான். அவருடைய இரண்டு முன்பற்களுக்கும் நடுவில் நூலளவு இடுக்கு இருந்ததாம். பையனாக இருந்தபோதிலிருந்து அந்த இடுக்கு வழியாகத்தான் காற்றைப் பிடித்து ஊதுகிறாராம். நான் ஊருக்கெல்லாம் செய்வது போல அழகாக அடைத்து வைத்திருந்தேன். "இடுக்கு இல்லேன்னா எனக்கு வாத்தியமே இல்லம்மா" என்று அந்த மனிதர் போனில் கெஞ்சினார். "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓரத்தைச் சீவ ஆரம்பித்தேன்.

திரை உறைந்தது. இணைப்பு இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளாஸ்டர் தாடை ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்திருப்பேன், அது ஒரு வக்கீலுடையது என்பதால் விட்டேன். கம்பெனிக்குப் போன் செய்தேன். "மேடம், மெயின் பாக்ஸ்ல என்ன கலர் லைட் எரியுது?" எப்போதும் கேட்பதுதான். எப்போதும் நான் "எல்லாம் எரியுது, நீ உன் பக்கம் பாரு" என்று கத்துவேன். அன்று கத்தக்கூட நேரம் இல்லை. போனோடு மாடிக்கு ஓடினேன்.

மாடியில் டிவி இருட்டு. ஃபேன் நிற்கிறது. மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், நெற்றியில் வியர்வை, ஒரு கை ஸ்விட்ச் போர்டின் மேல்.

"மாமா, பெட்டியில என்ன லைட் எரியுது?"

"எப்படிம்மா எரியும்? நான்தான் அணைச்சுட்டேனே."

"அணைச்சுட்டீங்களா?"

"கீழ அடுப்பு வச்சிருக்காங்கல்ல? பெரியவ குரல் கொடுத்தாளே, உனக்குக் கேக்கல?"

கேட்கவில்லைதான். எத்தனை வருஷமாகவோ கேட்பதில்லையே. நான் போனை அணைத்தேன். "மாமா, இந்தப் பெட்டிய எப்பலேருந்து அணைக்கிறீங்க?"

"வந்த நாள்லேருந்து. ஒரு தடவை கூடத் தவறவிட்டதில்ல. தூக்கத்துல இருந்தாலும் எந்திரிச்சு அணைச்சுடுவேன்ல!" மெடல் குத்திவிடக் காத்திருப்பவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. வேலை மும்முரமாக இருக்கும் நாளில் அடுப்பு அடிக்கடி ஏறும். அடுப்பு ஏறினால் வீடு அடங்கும். வீடு அடங்கினால், தொந்தரவு இல்லை என்று நான் வரைய உட்காருவேன். சரியாக அந்த நேரத்தில் என் மாமனார் தன் கடமையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். நானோ அந்தக் கம்பெனிக்காரர்களின் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டியிருக்கிறேன்.

"மாமா, போடுங்க பெட்டிய."

"பெரியவ 'ஆச்சு' சொல்லட்டும்."

"மாமா, அது ஒரு குட்டி பல்பு அளவுகூடக் கரண்ட் இழுக்காது!"

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா சட்டம்னா சட்டம்தாம்மா." உள்ளங்கையால் ஸ்விட்சை மூடிக்கொண்டார். முட்டி வலிக்காரர் என்று பார்க்கிறேன், இல்லையென்றால் கையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

மாடிப்படித் தலைப்பில் நின்று கத்தினேன். "அண்ணி! நீங்க அடுப்புன்னு சொல்றப்பல்லாம் மாமா நெட் பெட்டிய அணைச்சுடறாரு!"

கீழே நாற்காலி நகரும் சத்தம். பிறகு படிக்கட்டின் அடியில் அண்ணியின் முகம் தெரிந்தது. கையில் தூரிகை.

"நான் கத்துறப்பல்லாமா?"

"ஆமா அண்ணி."

"இத்தனை மாசமா?"

"ஆமா."

நாக்கு நுனியில் அந்தக் கூடமும் கோணலும் வந்து நின்றன. எனக்கே ஆச்சரியம், விழுங்கிவிட்டேன். அண்ணியின் முகம் அப்படி இருந்தது. அடுப்புக்குள் அப்போது வேறொரு கிளினிக்கின் பல் வரிசை சிவந்துகொண்டிருந்தது, அவர் மூன்று நாள் உட்கார்ந்து செய்தது. ஒரு முறை அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா!" என்று குரல் கொடுத்தார். "அந்தப் பெட்டிய மட்டும் போடுங்க. பல்லு வெடிச்சா நான் பாத்துக்கறேன்."

மாமா கையை எடுத்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து பச்சையாயின. நான் படியில் இறங்கினேனா உருண்டேனா தெரியாது, நாற்காலியில் இருந்தேன். அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடுக்கைத் திறந்தேன். நூலளவு. அங்கிருந்து டிரம்பெட்காரர் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு இழை, ஒரே இழை... அங்கேதான், நிறுத்துங்க!" என்றார். டாக்டரம்மா சரி சொன்னார். இந்தப் பக்கம் அண்ணி அடுப்பைத் திறந்தார். ஒரு பல்கூட வெடிக்கவில்லை. "ஆச்சு!" என்ற குரல் அன்று தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

வரைந்தது செதுக்கும் மெஷினுக்குப் போனது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு அது குடைந்து முடித்தபோது கையில் விழுந்தது ஒரு ஊதா நிறப் பல். பயப்பட வேண்டாம், அந்தப் பீங்கான் கட்டி அப்படித்தான், சுட்ட பிறகுதான் பல் நிறம் வரும். அண்ணி அதை அடுப்பில் வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மாடியைப் பார்த்து, "அடுப்பு! பெட்டியத் தவிர!" என்றார்.

வெந்து வந்த பல்லுக்கு அவர் நிறம் கொடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்கேனில் இருந்த பக்கத்துப் பல்லின் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அதன் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று இருந்தது. "கொஞ்சம் பெருசாக்கு... இன்னும்... ஆ, இது பழைய கம்ப்யூட்டர்ல தெரியாதே" என்று முனகிக்கொண்டே அதே கீற்றை இதிலும் போட்டார். எங்கள் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டிருந்தன. சண்டை போடாமல் அவ்வளவு நேரம் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் டப்பாவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். "மெதுவா போடா" என்றார் அண்ணி. "சீக்கிரம் போங்க" என்றேன் நான். இரண்டையும் கேட்காமல் வழக்கம்போலப் போனார். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா அழைத்தார். பல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம். அந்த மனிதர் சந்தோஷத்தில் கிளினிக்கிலேயே டிரம்பெட்டை எடுத்து ஒரு ஊது ஊத, பல் பிடுங்கக் காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டாராம்.

சாயங்காலம் மாடியில் எல்லோரும் கச்சேரி பார்க்க உட்கார்ந்தோம். மல்யுத்தத்தைத் தியாகம் செய்த மாமா முன் வரிசையில். அண்ணி மட்டும் கீழே, ஒரு தட்டு சுட வேண்டும் என்று. மேடையில் டிரம்பெட்காரர் வந்து நின்று சிரித்தார். சிரிப்பில் அந்த இடுக்கு தெரிந்தது. வாத்தியத்தை உதட்டில் வைத்தார்.

"அடுப்பு!" என்றது கீழிருந்து குரல்.

மாமாவின் கை பழக்கத்தில் சடாரென்று பெட்டியின் ஸ்விட்சுக்குப் போனது. நானும் என் வீட்டுக்காரரும் "மாமா!" "அப்பா!" என்று அலறினோம். கை அந்தரத்தில் நின்றது.

"அந்தப் பெட்டியில கை வச்சீங்க, தெரியும் சேதி!" என்று அண்ணியே படியேறிக்கொண்டு வந்தார். "அடுப்பு இருக்கட்டும், நான் இன்னும் வைக்கல. பழக்கத்துல வந்திருச்சு. பாத்துட்டு வச்சுக்கலாம்."

அவர் கையில் மடித்த பூப்போட்ட போர்வை. அந்தப் போர்வையை உருவினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பல்தான் நேரத்துக்குப் போய்விட்டதே, இன்னும் என்ன என்று வாயைத் திறக்கப் போனேன்.

அவர் அதை உதறி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்தார். "பழைய சாமான் எடுக்கறவன் நாளைக்கு வர்றான். அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். போர்வை நல்லாத்தானே இருக்கு, அத எதுக்கு அதோட அனுப்பணும்?" என்றார். பிறகு டிவியைப் பார்த்துக்கொண்டே என் முட்டியில் தட்டினார். "சத்தத்தக் கூட்டி வை. நம்ம பல்லு வாசிக்குது."